கிழக்குச் சுவரின் கதவு

மார்ச் 9, 2094. காலை 9.20
கடலுக்கடியில் மூழ்கிய அலெக்சாந்திரியா. கல்லறை அறை. பதிவு செய்பவர்: மதுரவல்லி, ஓவியப் பாதுகாப்பு. ஈரப்பதம் சரி.
மேல்வரிசை எகிப்து: நரித்தலை அனுபிஸ் பிணத்துக்குத் துணி சுற்றுகிறார். கீழ்வரிசை கிரேக்கம்: பாதாள ராஜா ஹேடிஸ் ஒரு பெண்ணைத் தேரில் தூக்கிப் போகிறான். எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டையும் வரையச் சொல்லியிருக்கிறார் செத்தவர். விவரமான ஆள்.
கிழக்குச் சுவரில், தலை உயரத்தில், சிறு கதவு ஓவியம். அதன்மேல் சூரிய வட்டம், இரண்டு நாகம்.

காலை 11.05
நுழைவழி இடிந்துவிட்டது. தண்ணீர் வருகிறது. கல்லின் கனம் பார்க்கும் கருவி நனைந்து செத்துவிட்டது.
கிழக்கிலும் மேற்கிலும் பழைய சுரங்கங்கள் உண்டு. வெளியே துளைப்பான் இயக்கும் இசக்கி ரேடியோவில் பேசினான்: “யக்கா, ஒரு பக்கந்தான் குடைய முடியும். எந்தச் சுவரு சன்னம்னு நீங்கதான் சொல்லணும்.”
கிழக்கு வேண்டாம் என்றேன். எகிப்தியர் ஆவி நடமாடக் கதவு வரைவது கெட்டிப் பாறையில். ஓவியம் பிழைக்கட்டும் என்ற ஆசையும் இருந்தது.
மேற்கு என்றேன்.

பகல் 1.40
இடுப்பளவு தண்ணீர். விளக்கைச் சாய்த்துப் பிடித்தபோதுதான் பார்த்தேன். கதவின் வளையத்துக்கு நிழல் வரைந்திருக்கிறது. எகிப்திய ஓவியன் நிழல் போடமாட்டான். இது கிரேக்கக் கை. இந்த ஊர்க் கிரேக்கர்கள் பிணம் வைக்கும் பொந்தை மூடும் பலகைக் கல்லில்தான் கதவு வரைவார்கள். பின்னால் வெற்றிடம். மேலே இருந்த எகிப்திய நாகத்தைப் பார்த்து முடிவு கட்டிவிட்டேன். முட்டாள்.
நான் பேசுவது போகவில்லை. அவன் பேசுவது மட்டும் கேட்கிறது.
“கல்லு ரொம்பக் கெட்டியா இருக்குக்கா. பரவால்ல, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

3.15
கதவுக் கல்லை உடைத்துவிட்டேன். விளக்கைத் தாங்கும் இரும்புக் காலால். வண்ணத்தில் விரல்கூடப் படவிடாதவள் நான். அழுதுகொண்டே அடித்தேன்.
உள்ளே எலும்புகள். ஓரமாகத் தள்ளிவிட்டுப் படுத்திருக்கிறேன். பொந்து மேல்நோக்கிச் சாய்கிறது, கொஞ்சம் காற்று உண்டு. கால்மாட்டில் தண்ணீர். பயமாக இருக்கிறது. தலைமாட்டுச் சுவரைத் தட்டினால் டொக்கு டொக்கென்று கேட்கிறது. அந்தப் பக்கம் சுரங்கம்.

மணி தெரியவில்லை
“யக்கா, மேற்குல துளை விழுந்துட்டு. கேமரா விட்டுப் பாத்தோம். அறை பூராவும் கலங்கத் தண்ணி. உங்களக் காணல. மிஷின மேல தூக்கச் சொல்லுதாங்க. உங்களுக்குக் கேக்காதுன்னு தெரியும். எம் மனசு கேக்கல, அதான் பேசுதேன்.”

கேட்கிறது இசக்கி. தட்டிக்கொண்டே இருக்கிறேன். நான் சொன்னது தப்பு. தூக்காதே. கிழக்கே வா. இங்கே சுவர் சன்னம்தான், ஒரு அடிகூட இரா