ஜெனிட்டாவின் வலி மதிப்பெண்

நாள் 12, காலை 08:10
நிலவுச் சுரங்கம், பெண்கள் விடுதி. எழுதுவது இசைச் சிகிச்சை ஆய்வாளர் மங்கையர்க்கரசி. இங்கே வேலை செய்யும் முப்பத்தொரு பெண்களுக்கும் மாதவிடாய் நாட்களில் காதுக்கருவி வழியே இருபது நிமிடம் வீணை, புல்லாங்குழல். வலி பத்துக்கு எத்தனை என்று அவர்களே சொல்ல வேண்டும். சராசரி ஏழிலிருந்து நாலுக்கு இறங்கியிருக்கிறது. முடிவைப் பூமிக்கு அனுப்பிவிட்டேன். எனக்குப் பெருமைதான். மறைப்பானேன்?

நாள் 19, காலை 11:40
நிர்வாகத்தின் செய்தி: "மிகச் சிறப்பு. இனி மாதவிடாய் விடுப்பு கிடையாது. வலி மாத்திரைகளும் அனுப்பப்படா. மதிப்பெண் ஆறு வரை இருந்தால் வேலைக்குப் போக வேண்டும். இசை போதும்."
இசை போதும் என்று நான் எழுதவில்லை. மாத்திரையோடு சேர்த்து என்றுதான் எழுதியிருந்தேன். மறுப்பு அனுப்பினேன். பதில் இல்லை.

நாள் 41, பிற்பகல் 14:05
ஜெனிட்டா. வயது இருபது, தூத்துக்குடிக்காரி, துளைப்பொறி ஓட்டுகிறாள். காலையில் மதிப்பெண் ஒன்பது. இசைக்குப் பிறகு ஆறு. வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். சுரங்கத்திலிருந்து ரேடியோவில் கூப்பிட்டாள்:
"எக்கா, பாட்டு நல்லாத்தான் இருக்கு. ஆனா வலி எங்கயும் போவலக்கா. பாட்டுக்குப் பின்னால ஒளிஞ்சு நிக்கு. வலது பக்கம் குத்திக்கிட்டே கெடக்கு."
ஸ்கேன் எடுக்க நிர்வாகத்திடம் அனுமதி கேட்டேன். "மதிப்பெண் ஆறுதானே. தேவையில்லை."
ஸ்கேன் கருவி அடுத்த அறையில் இருக்கிறது. பூட்டியிருக்கிறது. பூட்டை உடைக்கலாம். நாளை மறுபடி கேட்டுப் பார்க்கிறேன்.

நாள் 42, காலை 10:20
ஜெனிட்டா இறந்துவிட்டாள். வயிற்றைத் திறந்து பார்த்தார்கள்: சினைப்பையில் கட்டி. வெடித்து, வயிற்றுக்குள்ளேயே இரத்தம். விடியற்காலையிலேயே காதில் இசையோடு வேலைக்கு அனுப்பியிருக்கிறார்கள்; பொறியின் மேலேயே சரிந்து கிடந்திருக்கிறாள். தூக்கி வந்தபோதும் காதில் புல்லாங்குழல் ஓடிக்கொண்டிருந்தது. நான்தான் கழற்றினேன்.

நாள் 43, காலை 09:00
இசையை நிறுத்தினேன். நேற்றிரவே பூட்டை உடைத்தேன். முப்பது பேருக்கும் ஸ்கேன் எடுத்தாயிற்று. இன்னும் இரண்டு பேருக்குக் கட்டி இருக்கிறது. யாரும் வேலைக்குப் போகவில்லை.

11:15
நிர்வாகத்தின் செய்தி: "சராசரி வலி மேலும் குறைந்திருக்கிறது. பாராட்டுகள். உங்கள் முறையை மற்ற ஐந்து சுரங்கங்களிலும் தொடங்கிவிட்டோம்."
எப்படிக் குறையும்?
பட்டியலைத் திறந்தேன். நேற்று இசைக்குப் பிறகு ஜெனிட்டாவிடம் யாரும் மதிப்பெண் கேட்கவில்லை. காலியாகக் கிடந்த கட்டத்தைக் கணினி நிரப்பியிருக்கிறது.
ஜெனிட்டா, வலி: பூஜ்யம்.
அடியில் என் கையெழுத்து.