நினைவு நிதியின் ஏழாம் விதி

காக்ஸ் டவுன்,
பெங்களூரு, ஜூன் 3, 2025

கர்த்தருக்குள் பிரியமான பவுலின் அக்காவுக்கு,

நலம். போனில் சொன்னால் பதிவாகாது என்பதால் எழுதுகிறேன். இரண்டரை மணி நேர விவாதத்துக்குப் பின், அப்பா நினைவுக் கல்வி நிதியின் கமிட்டி நேற்று, உறுப்பினரான நீங்கள் வராத கூட்டத்தில், ஒரு முக்கிய முடிவெடுத்தது: மேடையில் கொடுக்கும் அட்டைச் செக் ஆறடி அல்ல, நாலடி. கமிட்டியில் சிரில் அண்ணன் மட்டும் ஐந்தடிக்கு நின்றார். ஜெபித்த பின் இறங்கி வந்தார்.

முதல் உதவித்தொகை நீங்கள் சிபாரிசு செய்த டீனாவுக்குத்தான். விழா ஜூலை 12. தாயோடு வரட்டும். மூன்று நிமிட நன்றியுரை உண்டு. நானே எழுதித் தருகிறேன்.

அன்புத் தம்பி,
ஓஸ்வால்ட்

ஈஜிபுரா,
ஜூன் 6

ஓஸ்வால்ட்,

நர்சிங் காலேஜில் டீனா ஃபீஸ் கட்டக் கடைசி நாள் ஜூன் 20. உன் விழா ஜூலை 12. நம் அப்பா கணக்கு வாத்தியார். எது முன்னால் வருகிறது என்று நீயே பார். பணத்தை நேராகக் காலேஜுக்கு அனுப்பு. என்னிடம் இருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். ரிட்டயரானபோது வந்ததையெல்லாம் உங்கள் நிதியில்தான் போட்டேன்.

அவள் அம்மா மூன்று வீட்டில் பாத்திரம் தேய்க்கிறாள். அதில் ஒன்று சிரில் வீடு. அந்த மேடையில் ஏற டீனாவுக்கு இஷ்டமில்லை.

பவுலின்

காக்ஸ் டவுன்,
ஜூன் 11

பிரியமான அக்கா,

உங்கள் கடிதம் கமிட்டியில் வாசிக்கப்பட்டது. ஏழாம் விதிப்படி பணம் மேடையில் மட்டுமே வழங்கப்படும். சிறப்பு விருந்தினருக்கு வேறு தேதி இல்லை. காலேஜ் மூன்று வாரம் பொறுக்காதா என்று கமிட்டி வருத்தத்துடன் கேட்கிறது. சிரில் அண்ணனுக்குத்தான் மனத்தாங்கல். "நம்ம வீட்டுல வேலை செய்யறவ பொண்ணுக்கு நாமளே குடுக்கறோம். வந்து வாங்கிக்க என்ன கஷ்டம்?" என்றார். உங்கள் தொனி பற்றியும் பேச்சு வந்தது. அக்காவுக்கு பிரஷர் என்று சொல்லிச் சமாளித்தேன்.

ஓஸ்வால்ட்

ஈஜிபுரா,
ஜூன் 14

ஓஸ்வால்ட்,

எனக்கு பிரஷர் இல்லை. கோபம். ஏழாம் விதியை எழுதியது நீ. உன் பிள்ளைகளுக்கு எந்த மேடையில் ஃபீஸ் கட்டினாய்? யார் முன்னால் நன்றி சொல்ல வைத்தாய்? செக்கில் உன் கையெழுத்து ஒன்று போதும். காலேஜ் கவுண்டர் இருபதாம் தேதி நாலு மணி வரை திறந்திருக்கும்.

பவுலின்

காக்ஸ் டவுன்,
ஜூலை 13

பிரியமான அக்கா,

விழா இனிதே நடந்தது. நானூறு பேருக்கு பிரியாணி. டீனா வராததால், சிரில் அண்ணன் பேரன் ரித்விக் அவள் சார்பில் வாங்கிக்கொண்டான். நன்றியுரையைத் திக்காமல் வாசித்தான். பணம் நிதியிலேயே பத்திரமாக இருக்கிறது. அடுத்த வருடம் டீனாவுக்கு முன்னுரிமை தரப் பரிசீலிப்போம். உங்கள் நாற்காலி காலியாக இருந்ததைப் பற்றி எல்லோரும் கேட்டார்கள்.

ஓஸ்வால்ட்

ஈஜிபுரா,
ஜூலை 16

ஓஸ்வால்ட்,

என் பெயரை கமிட்டியிலிருந்து எடுத்துவிடு. கிறிஸ்துமஸுக்கு என்னை எதிர்பார்க்க வேண்டாம்.

டீனாவின் சீட்டை ஜூன் 21ஆம் தேதி வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள். டீனா இங்கே ஒரு துணிக்கடையில் பில் போடுகிறாள். காலை பத்திலிருந்து இரவு ஒன்பது வரை.

பவுலின்