சிவப்புக் கொடி ஏறிய பிறகு

கோட்டை, திருவனந்தபுரம்
ஜூலை 1974

அண்ணா,

தோளில் தையல் பிரித்தாயிற்று. அம்மாவிடம் சைக்கிளிலிருந்து விழுந்தேன் என்று சொல்லியிருக்கிறேன்.

ரைபிள் கிளப்பில் சிவப்புக் கொடி ஏறினால் எல்லோரும் தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைக் கீழே வைத்து விலகி நிற்க வேண்டும். எனக்கு அதைச் சொல்லித் தந்தவனே நீதான். அதை நம்பித்தான் இலக்குத் தாளை மாற்ற முன்னே போனேன். நீயோ துப்பாக்கியைத் தூக்கிச் சிநேகிதர்களுக்கு வேடிக்கை காட்டினாய். குண்டு என் தோளைக் கிழித்தது.

கமிட்டியில் என்ன சொன்னாய்? "கொடி ஏறறதுக்குள்ள ஓடிட்டா. பொம்மனாட்டிக்கு ஏது பொறுமை?" ஞாயிறுதோறும் என்னோடு ஒரே பிளாஸ்கில் காப்பி குடித்தவர்கள், சிரித்தார்கள்! கிளப் பட்டியலிலிருந்து என் பெயரை அடித்தார்கள். நீ போட்டிக்கென்று பெங்களூருக்கு ரயிலேறினாய். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நேற்று நாகேஸ்வரன் வந்தார். அன்று கொடி ஏற்றியவர் அவர்தானே.

"உங்க அண்ணாவுக்காகப் பேசாம இருந்துட்டேன். மனசு கேக்கலை," என்றார்.

"என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? கமிட்டில சொல்லுங்கோ," என்றேன்.

இன்று சொல்லிவிட்டார். போட்டியில் உனக்கு இடமில்லை என்று தந்தி வந்திருக்கும். உனக்காக நான் போய்க் கெஞ்சுவேன் என்று காத்திருக்காதே. கமிட்டிக்கு எழுதி உன்னை நீக்கச் சொன்னதே நான்தான்.

உன் தங்கை