ரீட்டாவும் செயப்பாட்டு வினையும்

செவ்வாய்க்கிழமை, இரவு

என் லத்தீன் இலக்கணப் புத்தகத்தை மழையில் நனைய விட்டுவிட்டார்கள். ஆசிரியர் இல்லாமல் மூன்று மாதம் படித்த செயப்பாட்டு வினைப் பாடம் முழுக்க ஒட்டிப்போயிற்று.

மொட்டைமாடியில் உடுப்பு எடுக்கப் போன மைத்துனி ரீட்டாதான் கொண்டுவந்தாள்.

"அத்தான், புத்தகம் நனைபட்டுப் போச்சு."

"ஆரால? லத்தீனில அதைச் சொல்ல 'அப்' எண்டு தனிச்சொல்லே இருக்கு. செய்த ஆளைச் சொல்லாத வசனம் கள்ளனுக்குத்தான் உதவும்."

அவள் சாப்பிடாமலே தெஹிவளையிலுள்ள தன் வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள்.

சோறு போடும்போது மனைவி கேட்டாள்: "நேற்றுப் பின்னேரம் மாடியில கதிரை போட்டுப் படிச்சது ஆர்?"

கேள்வி முழுக்கச் செய்வினை. நான் தட்டை எடுத்துக்கொண்டு எழும்பினேன்.

புத்தகம் மின்விசிறிக்குக் கீழே காயவைக்கப்பட வேண்டும், மனைவியால். மாடிக்குக் கூரை போடப்பட வேண்டும், வீட்டுக்காரரால். ரீட்டாவிடம் மன்னிப்புக் கேட்கப்பட வேண்டும்.