மூன்றாவது இருக்கை

11-02-2024, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5.15 மணி.
எண் 42: ஒன்பதாவது படம், முன்னோட்டக் காட்சி

மகள் படத்தொகுப்பு உதவியாளராகப் பணிபுரியும் நிறுவனத்தின் சிறிய திரையிடல் அறையில், இயக்குநரின் ஒன்பதாவது படத்தை இன்று பார்த்தேன். அறிவித்த நேரம் முற்பகல் 11.00, தொடங்கியது 11.04. படத்தொகுப்புப் பிரிவினர் ஆளுக்கு ஒருவரை அழைத்து வரலாம் என்று இயக்குநரே சொல்லியிருந்தாராம். அவர்கள் நால்வர், அழைத்து வந்த நால்வர், இயக்குநர். ஆக ஒன்பது பேர். எனக்கு இரண்டாவது வரிசையில் வலமிருந்து மூன்றாவது இருக்கை. வாயிலில் இருந்த நோட்டில் என் இருக்கை எண், நான் யார் என்பது எல்லாவற்றையும் மகளே எழுதிக் கையெழுத்திட்டாள்.

இவருடைய முதல் ஏழு படங்களையும் மனைவியுடன் பார்த்தேன். எட்டாவதைத் தனியாக. படத்தின் நீளத்தைக் கைக்கடிகாரத்தில் கணக்கிடுவது என் வழக்கம். பேருந்துப் பணிமனையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் நேரக் காப்பாளராக இருந்தவனின் கண் தானாகவே மணிக்கட்டுக்குப் போய்விடும். மனைவி இருட்டிலேயே தன் உள்ளங்கையால் என் கடிகாரத்தை மூடுவாள். "டிப்போ இல்லங்க இது. படத்தப் பாருங்க."

இன்று மூட ஆளில்லை. 2 மணி 44 நிமிடம் 20 வினாடி.

இடையில் ஒரு மருத்துவமனைத் தாழ்வாரம் வருகிறது. நாற்காலியில் ஒரு வயதானவர். உள்ளே அவர் மனைவி. பேச்சே கிடையாது. அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறார், தன் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார், எழுந்து நாற்காலியின் மேல் ஏறிச் சுவர்க் கடிகாரத்தைச் சரிசெய்துவிட்டு இறங்குகிறார். அந்த நேரத்தில் கதவு திறக்கிறது. அவ்வளவுதான். அந்தக் காட்சியைத் தொகுக்கும் பொறுப்பை இயக்குநர் முழுவதுமாக மகளிடமே விட்டுவிட்டாராம்.

படிக்கட்டில் இறங்கும்போது மகள் கேட்டாள்: "அந்த ஆஸ்பத்திரி சீன் எப்படிப்பா இருந்தது?"

"ஆறு நிமிஷம் பத்து செகண்ட்" என்றேன்.

சிரித்தாள். கைப்பையில் வண்டிச் சாவியைத் தேடினாள். பிறகு, "அப்பா, வெளிய ஒரு வார்த்தை போகக் கூடாது. கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்" என்றாள். நான் யாரிடம் சொல்லப் போகிறேன்?

13-02-2024, செவ்வாய்க்கிழமை. காலை 6.10 மணி.
எண் 44: சுவர்க் கடிகாரம்

நாளொன்றுக்கு நாற்பது வினாடி பின்தங்குகிறது. மின்கலம் மாற்றியாயிற்று.

24-02-2024, சனிக்கிழமை. காலை 10.30 மணி.
எண் 55: முடிதிருத்தகத்தில் கேட்டது

முடிதிருத்தகக்காரர் இந்தப் பகுதி ரசிகர் மன்றத்தின் தலைவர். அவர் கடைக் கண்ணாடியில் முகம் தெரியும் இடத்தைவிட இயக்குநரின் படம் ஒட்டிய இடம் அதிகம். இன்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே பேசியதால் நான் அசையாமல் இருந்தேன்.

செய்தி இதுதான். படம் நீளம் என்று நிறுவனம் சொன்னதாம். குறைக்க முடியாது என்றாராம் இயக்குநர். அவரைப் படத்தொகுப்பு அறைக்குள்ளேயே விடாமல் பூட்டிவிட்டார்களாம்.

"அவர் வீட்டுக்குள்ள அவரையே விடாத மாதிரி இல்லையா பெரியவரே இது?"

முறை காத்திருந்த ஒருவர், "அப்போ படத்தப் புறக்கணிக்கணும் தலைவரே" என்றார்.

"கண்டிப்பா. முதல் நாள் மட்டும் பார்த்துட்டு, மறுநாள்லேர்ந்து புறக்கணிக்கிறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கன்னத்தில் சிறு கீறல்.

27-02-2024, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் 3.00 மணி.
எண் 58: மகள் வந்து போனது

மதியம் 1.10க்கு வந்தாள், 1.50க்குக் கிளம்பிவிட்டாள். தட்டில் போட்டதில் பாதியை அப்படியே வைத்துவிட்டாள். வற்புறுத்திக் கேட்ட பிறகு ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "அந்த சீன் இப்போ இல்லப்பா."

அவள் போன பின் கைபேசியில் நிறுவனத்தின் அறிக்கையைப் படித்தேன். படம் தொடக்கத்திலிருந்தே இரண்டு மணி இருபத்தெட்டு நிமிடம்தானாம். எதுவும் வெட்டப்படவில்லையாம். மருத்துவமனைக் காட்சி என்று ரசிகர்கள் பேசுவது வெறும் கற்பனையாம்.

கற்பனையா? அந்த நாற்காலியில் பதினான்கு மாதம் உட்கார்ந்தவன் நான்.

01-03-2024, வெள்ளிக்கிழமை. காலை 7.45 மணி.
எண் 61: ஒரு திருத்தம்

மூன்று நாட்களாக ரசிகர்களின் இணையப் பக்கத்தைப் படித்து வருகிறேன். கோபம் நியாயமானதுதான், தகவல்கள் அத்தனையும் பிழை. பதினான்கு நிமிடம் வெட்டப்பட்டது என்கிறார்கள். 12ஆம் தேதித் திரையிடலில் முழுப் படமும் காட்டப்பட்டது என்கிறார்கள். 12ஆம் தேதி நடந்தது விநியோகஸ்தர்களுக்கானது என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. "தேதியே தெரியாதவர்கள்" என்று நிறுவனத்தின் ஆட்கள் அங்கேயே கேலி செய்கிறார்கள். உண்மையைத் தவறான தேதியோடு சொன்னால் அது பொய்யைவிடக் கேவலமாகத் தோற்கும். பணிமனையில் இதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

காலை 7.20க்குப் பின்வருமாறு எழுதி அனுப்பினேன்:

"முழுப் படம் திரையிடப்பட்டது பிப்ரவரி 12 அன்று அல்ல, 11, ஞாயிறு, முற்பகல் 11.04. நீளம் 2 மணி 44 நிமிடம் 20 வினாடி. ஆகவே வெட்டப்பட்டது பதினான்கு நிமிடமல்ல. 16 நிமிடம் 20 வினாடி. அதில் மருத்துவமனைக் காட்சி மட்டும் 6 நிமிடம் 10 வினாடி. இப்படிக்கு, இரண்டாவது வரிசை, வலமிருந்து மூன்றாவது இருக்கை."

பெயர் எழுதவில்லை. கதையைப் பற்றி ஒரு சொல் இல்லை. மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறியதாக ஆகாது. தேதியும் நேரமும் யாருடைய இரகசியமும் அல்லவே.

02-03-2024, சனிக்கிழமை. காலை 11.15 மணி.
எண் 62: முடிதிருத்தகத்தில் கொண்டாட்டம்

வேலையில்லாமலே அந்தப் பக்கம் நடந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கண்ணாடியின் நடுவில் என் வாக்கியங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு ஒட்டியிருந்தார்கள். முடிதிருத்தகக்காரர் அதை வாசித்துக் காட்டினார், வினாடி உட்பட.

"யாரு பெத்த புள்ளையோ, செகண்ட் கணக்கோட வச்சிருக்கான் பாருங்க. மூணாவது சீட்டு. இனிமே அவன்தான் நமக்கு எல்லாம்."

"அவரு பொம்பளையா இருந்தா?" என்றார் ஒருவர்.

"யாரா இருந்தா என்னய்யா, அந்த சீட்டுக்குக் கோயில் கட்டலாம்."

வாய்க்குள் ஒரு சிரிப்பு வைத்துக்கொண்டு வீடு வந்தேன். எழுபத்து நான்கு வயதில் இப்படி ஓர் அற்பச் சந்தோஷம். மனைவி இருந்திருந்தால் கிண்டலடித்தே தீர்த்திருப்பாள்.

04-03-2024, திங்கட்கிழமை. பிற்பகல் 2.20 மணி.
எண் 64:

தலைப்பு எழுத வரவில்லை.

மகள் 11.30க்கு வந்தாள். வேலை நேரம். வந்தவள் செருப்பைக் கழற்றவில்லை.

"இரண்டாவது வரிசை, மூணாவது சீட்டு" என்றாள். "நோட்ட எடுத்து என் முன்னாடி வச்சாங்க. அந்த சீட்டுக்கு நேரா என் கையெழுத்துல என்ன எழுதியிருக்கு தெரியுமா? அப்பான்னு எழுதியிருக்கு."

பதினோரு ஆண்டு வேலை. கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை மீறியவள் என்று மற்ற நிறுவனங்களுக்கும் தெரிவிப்பார்களாம்.

நான் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நான் கதைய ஒண்ணும் சொல்லலையேம்மா. தேதி தப்பா போட்டிருந்தாங்க."

"தப்பாவே இருந்துட்டுப் போகட்டுமே அப்பா."

"உன் சீன் இல்லவே இல்லன்னு சொல்றாங்களே, அத எப்படி..."

"என் சீனா?" அவள் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்க்கவில்லை. "அம்மா உள்ள இருந்தப்ப நீங்க அந்த வராண்டாவுல பண்ணினதத்தான் டைரக்டர்கிட்ட சொன்னேன். அதக் கேட்டுத்தான் அவர் எடுத்தார். எட்டு மாசம் அத வெட்டி ஒட்டி வச்சிருந்தேன். எப்படி இருந்ததுன்னு உங்ககிட்ட மட்டும்தான் கேட்டேன்."

11.41க்குப் போய்விட்டாள். பதினோரு நிமிடம் நின்றுகொண்டே இருந்தாள். என்ன மனுஷன் நான், இதையும் கணக்குப் பண்ணி வச்சிருக்கேனே. குழந்தை அழுதுக்கிட்டு நிக்குது, நான் எதப் பார்த்துக்கிட்டு இருந்தேன்?

05-03-2024, செவ்வாய்க்கிழமை. காலை 9.00 மணி.
எண் 65: தொலைபேசி

மகள் எடுக்கவில்லை.

09-03-2024, சனிக்கிழமை. பிற்பகல் 1.30 மணி.
எண் 69: நிறுவனத்தின் வாயிலில்

எழுதாத நாள்களுக்கும் எண் உண்டு என்பதால் இடையில் மூன்று எண்கள் விடுபட்டுள்ளன.

தவறு முழுவதும் என்னுடையது, மகளுக்கு இதில் எதுவும் தெரியாது என்று நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதி நேரில் எடுத்துச் சென்றேன். பதிவு வெளியான உடனே அதை நீக்கியிருந்தால் மகளின் வேலை தப்பியிருக்குமோ என்று பேருந்தில் யோசித்தேன். நீக்கிப் பார்த்தேன். அதற்குள் பலர் நகல் எடுத்து வைத்திருந்தார்கள்.

வாயிலில் இருநூறு ரசிகர்களாவது இருப்பார்கள். எல்லோர் கையிலும் ஒரே அட்டை: "மூணாவது சீட்டு சொன்னது உண்மை." நான் அவர்கள் நடுவே கடிதத்தோடு நின்றேன். கைபேசியில் படமெடுத்துக்கொண்டிருந்த பெண் என் தோளைத் தொட்டு, "தாத்தா, கொஞ்சம் ஓரமா நில்லுங்க, அட்டை மறையுது" என்றாள். ஓரமாக நின்றேன்.

ஒருவரிடம் கேட்டேன்: "அந்த மூணாவது சீட்டால யாருக்காவது வேலை போயிருக்குமே, அதப் பத்தி யோசிச்சீங்களா?"

"போராட்டம்னா நாலு பேருக்கு நஷ்டம் வரத்தான் செய்யும் பெரியவரே" என்றார். நல்ல மாதிரியாகத்தான் சொன்னார். எனக்குக் குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார்.

வரவேற்பில் இருந்த பெண் கடிதத்தை வாங்கி நகலில் முத்திரை குத்திக் கொடுத்தாள். முத்திரையில் தேதி 8 என்றிருந்தது. இன்று 9. நேற்றைய தேதியை மாற்ற மறந்திருக்கிறாள். சொல்ல வாய் திறந்தேன். மூடிக்கொண்டேன்.

22-03-2024, வெள்ளிக்கிழமை. காலை 11.00 மணி.
எண் 82: சமரசம்

கடிதத்துக்குப் பதில் இல்லை.

முடிதிருத்தகத்தில் பாதிக் கன்னம் நுரையில் இருக்கும்போது செய்தி வந்தது. நிறுவனமும் இயக்குநரும் கூட்டாக அறிக்கை விட்டிருக்கிறார்கள். கருத்து வேறுபாடு தீர்ந்துவிட்டது. அடுத்த இரண்டு படங்களும் இதே நிறுவனத்துக்குத்தான். வெளியாகப்போகும் 2 மணி 28 நிமிடமே தன் விருப்பப்படியான வடிவம். அடையாளம் தெரியாத நபர் பரப்பிய கணக்குகளை யாரும் நம்ப வேண்டாம். கீழே இயக்குநரின் கையெழுத்து.

ஒன்பது பேரில் அவரும் ஒருவர். முதல் வரிசை, நடு இருக்கை.

முடிதிருத்தகக்காரர் கத்தியை வைத்துவிட்டுப் போய்க் கண்ணாடியில் இருந்த தாளைக் கிழித்தார். ஓரங்கள் மட்டும் ஒட்டிக்கொண்டு நின்றன, நகத்தால் சுரண்டினார்.

"அண்ணனே சொல்லிட்டாரு. எவனோ வேலைவெட்டி இல்லாதவன் நம்மள முட்டாளாக்கிட்டான்."

"அவன் சொன்னது சரியா இருந்திருக்கலாமே" என்றேன்.

"சரியா இருந்தா மட்டும்? அண்ணன் சந்தோஷமா இருக்காரு. நமக்கு அது போதாதா? முதல் நாள் காலைக் காட்சிக்கு நாற்பது டிக்கெட் சொல்லியாச்சு. உங்களுக்கும் ஒண்ணு எடுக்கவா?"

மீதிக் கன்னத்தையும் கவனமாகத்தான் மழித்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அவருக்குத் தேவைப்பட்டது அவர் அண்ணன். எனக்குத் தேவைப்பட்டது என்ன? சரியான தேதி.

02-04-2024, செவ்வாய்க்கிழமை. முற்பகல் 10.40 மணி.
எண் 93: மகளின் அறை

பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். ஞாயிற்றுக்கிழமையே காலி செய்துவிட்டாளாம். வேறு ஊரில் திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுக்கும் கடை ஒன்றில் வேலையாம்.

"உங்ககிட்ட சொல்லலையா?" என்று கேட்டவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். எழுதும்போது, "நான் குடுத்தேன்னு சொல்லாதீங்க" என்றார். இந்த முறை சொல்ல மாட்டேன்.

27-04-2024, சனிக்கிழமை. மாலை 4.30 மணி.
எண் 118: வெளியான படம்

நேற்று வெளியானது. இன்று பகல் காட்சிக்குப் போனேன். அரங்கு நிறைந்திருந்தது, இயக்குநரின் பெயருக்கு விசில் காதைப் பிளந்தது. எனக்குப் பக்கத்து இருக்கை மட்டும் எப்படியோ காலியாக இருந்தது.

மருத்துவமனைக் கதவு மூடுகிறது. உடனே நெடுஞ்சாலையில் கார் ஓடுகிறது. இடையில் ஒருவர் உட்கார்ந்திருந்தார் என்பது அந்த அரங்கில் எனக்கு மட்டுமே தெரியும். நாற்காலியில் ஏறும்போது அவருக்கு முழங்கால் நடுங்கும். அதை ஒருவரும் பார்க்கவில்லை என்று மூன்று ஆண்டுகளாக நினைத்திருந்தேன். தாழ்வாரத்தின் மறு முனையில் மகள் நின்றிருக்கிறாள்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் பெயர்ப் பட்டியல் முடியும்வரை இருந்தேன். எட்டாவது படத்தில் உதவியாளர்கள் நால்வர். இதில் மூவர்.

படத்தின் நீளம் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது. கடிகாரத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

வந்ததும் மகளுக்குக் கடிதம் எழுதினேன். மன்னிப்புக் கேட்கும் வரி நான்கு தாள்களில் சரியாக வரவில்லை. ஐந்தாவதில் வந்ததை அப்படியே விட்டுவிட்டேன். திங்களன்று தபாலில் சேர்க்க வேண்டும். கடிதத்துடன் இணைத்தவை:

1. இந்த நோட்டின் எண் 42, அசல் பக்கம், கத்தரித்தது.
2. நிறுவனத்துக்குக் கொடுத்த கடிதத்தின் நகல். முத்திரையில் தேதி தவறு, திருத்தவில்லை.
3. இயக்குநரின் முதல் படத்துக்கு நாம் மூவரும் போன டிக்கெட்டுகள், மூன்று. நடுவில் இருப்பது அம்மாவுடையது.
4. என்னிடம் இருந்த உன் வண்டியின் மாற்றுச் சாவி.
5. அந்தக் காட்சி எப்படி இருந்தது என்று படிக்கட்டில் நீ கேட்டதற்குப் பதில். ஒரு பக்கம். தேதி போடவில்லை.