கம்பு திரும்பாத மூலை

றக்வான
வெள்ளிக்கிழமை

அன்பு மனைவிக்கு,

நீ பெல்மதுளைக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பத்து நாளாகிறது.

தேயிலைத் தோட்ட ஆஸ்பத்திரிக்கு நான் பிளான் வரைந்தபோது, அங்கே மருத்துவிச்சியான நீ சொன்னாய்: "தொழிலாளர் லயத்து வீடுகள்ல இருந்து புள்ளத்தாச்சிய கம்பளியில கட்டி, நீட்டுக் கம்புல தூக்கிட்டு வருவாங்க. லேபர் ரூமுக்குப் போற மூலையில கம்பு திரும்பாதுங்க."

நோயாளியைத் தள்ளும் ட்ரொலி திரும்பினால் போதும் என்று நான் சிரித்தேன்.

நீ போவதற்கு முந்தின நாள், பிரசவ வலியோடு லயத்துக் கலைச்செல்வியைத் தூக்கி வந்த கம்பு அந்த மூலையில் திரும்பவில்லை. கம்பளியை அவிழ்த்து, கைகளில் ஏந்தி உள்ளே கொண்டுபோக நேரமாகிவிட்டது. பிள்ளை அழவே இல்லையாம். வாட்டில் இருந்தவர்கள்தான் சொன்னார்கள். நீ என்னைத் திட்டக்கூட இல்லை, பெட்டியைக் கட்டினாய்.

நேற்று அங்கே போனேன். சுவரில் கம்பு இடித்த தடம் இருக்கிறது. தோட்ட நிர்வாகத்தில் அதைப் பூசிவிடச் சொன்னார்கள். சுவரையே இடிக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். எதுவரை இடிப்பது என்று நீ வந்து கோடு போடு.

உன் பேச்சைக் கேட்காதவன்