ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிரசாதம்

ஜூலை 4, வெள்ளி

காலையிலேயே புழுக்கம். துவைத்த துணி காயவில்லை. வகுப்பு இல்லை.

கோலாலம்பூரில் பாக்கியிருந்த பிரிக்பீல்ட்ஸ் பார்த்தாயிற்று. பூக்கடை வரிசை, ஒரு புத்தர் கோயில், ஒரு சர்ச்சில் தமிழில் ஜெபம். மதியம் வாழை இலைச் சாப்பாடு. பக்கத்தில் ஒரு சீனக் குடும்பம், ரசத்தை உள்ளங்கையில் வாங்கி உறிஞ்சுகிறார்கள். திருநெல்வேலிக்காரி நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பரிமாறியவர், "என்னா தங்கச்சி, ஊருக்குப் புதுசா?" வந்து ஐந்து மாதம் ஆகிறது என்று சொல்லவில்லை.

அறைத்தோழி லிங் இன்று சமைக்கவில்லை. அவள் அம்மாவுக்கு இதயத்தில் அடைப்பு, கிள்ளானில் ஆஸ்பத்திரி. வியாழன் பைபாஸ். பிழைப்பது பாதிக்குப் பாதி என்றாராம் டாக்டர். அம்மாவிடம் மட்டும் "சின்ன ஆபரேஷன்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். நாளை கிள்ளான் சுற்றிவிட்டு அப்படியே வந்து பார்க்கிறேன் என்றேன்.

வாங்க: சலவைத்தூள், ரீசார்ஜ், ஆரஞ்சு (லிங் அம்மாவுக்கு).

ஜூலை 5, சனி

ரயிலில் கிள்ளான். வெயில். இரண்டு கோயில், ஒரு பழைய அரண்மனை, தெரு முழுக்க நம் சினிமாப் பாட்டு. ஆரஞ்சு வாங்க மறந்துபோனேன்.

பிறகு ஒரு சந்தில் திருவிழா. ரோட்டை அடைத்துக் கூடாரம், சரவிளக்கு, மணியடித்து ஓதும் சாமியார். காகிதத்திலேயே மூன்று மாடி வீடு. வாசலில் காகிதக் கார், அதற்குள் காகித டிரைவர். எங்கள் ஊர்க் கொடையில்கூட இப்படி வேலைப்பாடு கிடையாது. பதினாறு போட்டோ எடுத்தேன். நடுவில் ஒரு பெரியவரின் படம், மாலை, ஊதுபத்தி. யாரோ மகான். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டேன். எல்லோரும் என் சிவப்புச் சுடிதாரையே பார்த்தார்கள். புதுசு, அதனால் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு அம்மாள் கடலை கொடுத்தார். கிளம்பும்போது ஒரு பொட்டலம்: வெள்ளைத் துண்டு, மிட்டாய், சிவப்பு நூல். மலாயில் என்னமோ சொல்லி, இப்போதே தின்னு என்று சைகை. பிரசாதத்தை நான் மட்டும் தின்பதா? உடம்பு முடியாதவருக்கு முதலில். பையில் பத்திரப்படுத்தினேன்.

ஆஸ்பத்திரி, மாலை ஐந்து. லிங் அம்மாவின் உள்ளங்கையில் மிட்டாயை வைத்தேன். கோயில் கயிறுதானே என்று நூலை அவர் மணிக்கட்டில் கட்டப் போனேன்.

லிங் என் கையைத் தட்டிவிட்டாள். முகம் வெளுத்துவிட்டது. எங்கே கிடைத்தது என்றாள். போட்டோவைக் காட்டினேன். சிரித்துக்கொண்டே காட்டினேன், மடச்சி.

அது சாவு வீடு. அங்கே சிவப்பு உடுத்தவே கூடாதாம். கூடாரத்துக்குள் சவப்பெட்டி இருந்திருக்கிறது. மிட்டாயை அங்கேயே வாயில் போட்டுக்கொண்டு, நூலை வழியில் எறிந்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டுமாம். அடுத்தவர் வாசலுக்கே கொண்டுபோகக் கூடாது. நான் கட்டில் வரை கொண்டுவந்திருக்கிறேன்.

அப்போது கட்டிலிலிருந்து தமிழ்:

"பயப்படாத மா. புதுசா வந்த பொண்ணு, உனக்கு என்னா தெரியும்."

லிங் அம்மாதான். சீன ஆன்டி. "கேரி தீவு எஸ்டேட்டுல எங்கப்பா மளிகக் கட வெச்சிருந்தாரு. சுத்தி எல்லாம் தமிழாளுங்க. இப்பக்கூட பாசார்ல காய் விக்கிறது தமிழ்லதான்."

லிங்குக்குத் தமிழில் ஒரு வார்த்தைகூடத் தெரியாது. மிட்டாயைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டுக் கை கழுவப் போனாள்.

ஜூலை 6, ஞாயிறு

மழை. தூக்கமே இல்லை. லிங் பேசவில்லை. போட்டோ பதினாறையும் அழித்தேன். வீட்டுக்குப் போன் செய்தேன், இதைச் சொல்லவில்லை.

சாயங்காலம் அறை வாசலில் நின்றபடியே லிங், அம்மா உன்னைக் கூப்பிடுகிறார் என்றாள். அவளுக்கு இஷ்டமே இல்லை.

ஜூலை 8, செவ்வாய்

ஆரஞ்சு மறக்கவில்லை. கட்டிலுக்கு அந்தப் பக்கம் லிங், இந்தப் பக்கம் நான். ஆன்டி என்னைப் பார்த்துத் தமிழில் ஆரம்பித்தார்.

"சின்ன ஆபரேசன்னு சொல்றாங்க. எனக்குத் தெரியாதா லா? டாக்டர் மூஞ்சியிலயே இருக்கு. நான் பேச வந்தா இவ காதப் பொத்திக்கிறா. பந்தாங், ஆகாது, சாவப் பத்திப் பேசக் கூடாதும்பா. நீதான் மா அதக் கொண்டாந்து என் கையில வெச்சவ. நீ கேளு."

கேட்டேன். காகித வீடு வேண்டாம், இருந்த வீடே போதும். காய்க்கடை பக்கத்துக் கடைப் பரமேஸ்வரிக்கு. அப்புறம்:

"இவளுக்கு ஈப்போவுல ஒரு பையன் இருக்கான். எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிக்கிட்டிருக்கா. எங்க ஆளுங்க வழக்கத்துல அம்மா செத்தா நூறு நாளுக்குள்ள கல்யாணம் பண்ணணும், இல்லாட்டி மூணு வருசம் நிக்கணும். ரெண்டும் பாக்க வேணாம்னு சொல்லு. அவளுக்கு எப்ப இஷ்டமோ அப்ப."

"நீங்களே சொல்லுங்க ஆன்டி."

"உசுரோட வந்தா நானே சொல்றேன். வரலன்னா நீ சொல்லு. அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

பிறகு லிங்கிடம் சீனத்தில் ஒரே வாக்கியம். லிங் எழுந்து வெளியே போய்விட்டாள். ரயிலில்தான் சொன்னாள்: நான் போய்விட்டால் இந்தப் பெண் உனக்குச் சொல்வாள் என்றாராம்.

என்ன சொன்னார் என்று கேட்டாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பெற்ற மகளுக்குத் தெரியாதது நேற்று வந்த எனக்குத் தெரிகிறது.

ஜூலை 9, புதன்

வகுப்புக்குப் போனேன், ஒன்றும் ஏறவில்லை. கட்டுரை பாக்கி. சலவைத்தூள் வாங்கவில்லை.

லிங் மூன்று முறை கேட்டாள். பல் தேய்க்கும்போது, லிப்டில், சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது. மூன்று முறையும் மாட்டேன் என்று தலையாட்டினேன். நாலாவது முறை வந்தவள் கேட்கவில்லை. "சொல்லாதே. நாளைக்கும் சொல்லாதே. எப்போதுமே சொல்லாதே" என்றாள்.

அந்த நூல் கட்டில் வரை என் கையால்தானே போயிற்று. இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. பயமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

ஏழரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள். கட்டிலைத் தள்ளும்போது ஆன்டி என்னிடம், "சாப்டியா மா?" சாப்பிட்டேன் என்று பொய்.

பிளாஸ்டிக் நாற்காலி. ஒன்பது. பதினொன்று. ஏசி குளிர். எதிரே ஒரு மலாய்க் குடும்பம், குழந்தை பிஸ்கட்டைத் தரையில் தேய்க்கிறது. லிங் போனை நோண்டுகிறாள், திரை அணைந்தே கிடக்கிறது.

ஒன்றே காலுக்கு ஒரு நர்ஸ் வந்து லிங்கை மட்டும் கூப்பிட்டார். பத்து நிமிடம் இருக்கும். வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இப்போது சொல்" என்றாள், ஆங்கிலத்தில்.

சொன்னேன். வாயில் வந்தது தமிழ்தான். ஆன்டி சொன்ன அதே வார்த்தைகள், அதே வரிசையில். மாற்றிச் சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. லிங் நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு வார்த்தைகூடப் புரியாமல் கடைசி வரை கேட்டுக்கொண்டிருந்தாள்.